ஜூலை 9 ராத்திரி ஜெபமாலை, ஃபாதர் டோல்ட்டன் நினைவா

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. ஜூலை 9 ராத்திரி ஜெபமாலைய இனவெறி ஒழியணும்னு ஒப்புக்கொடுப்போம். அன்னைக்குத்தான் ஃபாதர் அகஸ்டஸ் டோல்ட்டன் இறந்த நாள், 1897ல, சிகாகோல, வயசு வெறும் 43. மிசூரில 1854ல அடிமையா பொறந்தவர், அம்மா மார்த்தா பிள்ளைங்கள கூட்டிட்டு மிசிசிப்பி ஆத்த தாண்டி இல்லினாய்ஸுக்குத் தப்பிச்சு வந்தாங்க. குருவாகணும்னு ஆசைப்பட்டா கறுப்பர்ங்கிறதால அமெரிக்காவுல குருக்கள் படிக்கிற செமினரி ஒண்ணு கூட சேத்துக்கல, கடைசில ரோமுக்குப் போய் படிச்சு 1886ல அங்கயே குருப்பட்டம் வாங்கினார். கதவ சாத்தினது வெளியாள் இல்லங்க, நம்ம திருச்சபைதான், அதனால மன்னிப்பு கேட்டுத்தான் ஜெபிக்கணும்னு எனக்குப் படுது. 2019ல போப் பிரான்சிஸ் அவர வணக்கத்துக்குரியவர்னு அறிவிச்சார், அது புனிதர் பட்டத்துக்குப் போற வழில ஒரு படி, அந்தப் பட்டத்துக்காகவும் வேண்டிக்குவோம்.

முதல்ல பைபிள்ல கலாத்தியர் 3:26-28 வாசிச்சு கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஜெபமாலைல பத்துப் பத்து மணியா உருட்டுறப்ப ஒவ்வொரு பத்துக்கும் ஒரு மன்றாட்டு, பிள்ளைங்கள சொல்ல விடுங்க. நிறத்த பாத்து ஒருத்தர மட்டமா பேசுறது நம்ம வீட்டுலயும் நடக்குதில்ல, அதையும் மன்றாட்டுல சேத்துக்கங்க. வாசகம் யார் வாசிக்கிறீங்கன்னு குரூப்ல போட்டுடுங்க.