திரும்பி வராதவர்கள் எல்லாம் குணமானவர்களா?

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வலி ஏன் வருகிறது, எந்தக் கட்டத்தில் அறுவை சிகிச்சை தேவை, எத்தனை நாளில் நடக்கலாம் என்பதையெல்லாம் புரியும்படி எழுதியிருக்கிறீர்கள். நடுவில் "பெரும்பாலோர் பழையபடி நடமாடுகிறார்கள்" என்று ஒரு வரி வருகிறது. அந்தப் பெரும்பாலோரை எண்ணியது யார்? அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் கம்பத்துக்காரன். கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் மருந்துக்கடை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கடையில் அதிகம் போவது வலி மாத்திரை, தைலம், முட்டிக்குப் போடும் உறை. வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள். ஏலக்காய் ஏதோ மரத்தில் காய்ப்பதாக வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது செடியின் தூரில், மண்ணை ஒட்டிப் படரும் சரத்தில் காய்க்கிறது. சரிவில் குந்தி, குந்தியபடியே அடுத்த தூருக்கு நகர்ந்து எடுக்க வேண்டும். என் அம்மா முப்பது வருடம் அப்படி எடுத்தவர். விடிவதற்கு முன் கம்பத்தில் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக மேலே போனால், இறங்கும்போது இருட்டியிருக்கும்.

ஆறு வருடத்துக்கு முன் அம்மாவின் வலது முட்டியை மாற்றினோம். கேரளத்தில் ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். கைராசியான டாக்டர், அன்பான நர்ஸுகள். நாலாம் நாள் அம்மா வாக்கர் பிடித்து நடந்தார். ஒரு வருடம் கழித்து அங்கிருந்து விசாரித்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். முட்டி எப்படி இருக்கிறது, வேதனை உண்டா என்று ஒரு பெண் மலையாளத்தில் கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை. "கொழப்பமில்ல சாரே" என்றார், ஒரு பிரச்சினையும் இல்லை சார் என்று. கங்காணி எது கேட்டாலும் முப்பது வருடமாகச் சொல்லிப் பழகிய பதில், எதிரில் பேசுவது பெண் என்பதுகூட அம்மாவுக்கு நினைவில்லை. போனை வைத்ததும் என் பக்கம் திரும்பி, "ராத்திரி பொரண்டு படுத்தா பிடிக்குதுடா" என்கிறார். அதற்குள் அங்கே 'குணம்' என்று ஒரு டிக் விழுந்திருக்கும்.

இப்படி விசாரிப்பதற்கென்றே முறையான வினாத்தாள்கள் இருக்கின்றன. உலகம் முழுக்கப் பயன்படுவது ஆக்ஸ்ஃபோர்டு முட்டி மதிப்பெண். 12 கேள்வி, மொத்தம் 48 மதிப்பெண். டாக்டரின் அபிப்பிராயத்தைக் கேட்காமல் நோயாளியையே கேட்பதால் எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. மண்டியிட்டு எழ முடிகிறதா, படி இறங்க முடிகிறதா, தனியாகக் கடைக்குப் போய் வர முடிகிறதா என்று கேட்கும். குந்த முடிகிறதா, தரையில் சம்மணம் போட முடிகிறதா என்று மட்டும் அதில் இல்லை. காரில், பஸ்ஸில் ஏறி இறங்குவதைக் கேட்கிறார்கள். ஏற்கெனவே பதினைந்து பேர் நெருக்கி உட்கார்ந்த ஜீப்பின் பின்பக்கம் காலைத் தூக்கிவைத்து ஏறுவதை யார் கேட்பது? மூட்டு மாற்றியவர்கள் குந்தக் கூடாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் குந்தாதவருக்கு ஏலத்தோட்டத்தில் கூலி கிடையாது. அம்மா தோட்டத்து வேலையை விட்டது வயதால் அல்ல, இதனால்தான். சிகிச்சையின் பலனை எழுதும்போது இதையும் எழுத வேண்டாமா?

மாற்றிய முட்டி எத்தனை காலம் வரும் என்பதற்கு 2019-ல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. முழு முட்டி மாற்றியவர்களில் நூற்றுக்கு 82 பேருக்கு அது 25 வருடம் தாங்குகிறது என்று, மூட்டு மாற்றியவர்களின் விவரம் எழுதிவைக்கும் பதிவேடுகளைக் கொண்டு கணக்குப் போட்டிருந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் தாங்குகிறது என்றால் கழற்றி மாற்றவில்லை என்று மட்டுமே பொருள். வலி இல்லை என்று பொருள் அல்ல. முட்டி மாற்றியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத் திருப்தியில்லாமல் இருக்கிறார் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

இந்த வருடம் ஆனியில் அம்மாவின் முட்டி வீங்கியது. நடந்தால் 'கடக்' என்று சத்தம். முதலில் செய்த மருத்துவமனைக்கு, கோட்டயம் பக்கம் போக உடம்பில் தெம்பில்லை, தங்கை மதுரையில் இருக்கிறாள், அதனால் மதுரைக்குக் கூட்டிப்போனோம். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "உள்ளே இரண்டு உலோகத்துக்கு நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் தேய்ந்த மாதிரி தெரிகிறது. அது மட்டும்தான் என்றால் அதை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். எந்தக் கம்பெனி முட்டி, என்ன சைஸ்?" என்று கேட்டார். லேமினேட் போட்டுப் பத்திரமாக வைத்திருந்த டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டினேன். வலது முட்டி மாற்றப்பட்டது என்று ஒரே வரி. கம்பெனி பெயரும் இல்லை, சைஸும் இல்லை.

முட்டி வருகிற பெட்டிக்குள் ஸ்டிக்கர்கள் இருக்கும். கம்பெனி, அளவு, லாட் நம்பர் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டி, ஒன்றை நோயாளியிடம் கொடுக்க வேண்டும். எங்களிடம் கொடுக்கவில்லை. கேட்கலாம் என்று மருந்துக்கடைக்காரனான எனக்கே அன்றைக்குத் தோன்றவில்லை. போன் செய்தால், "பழைய சாஃப்ட்வேரில் இருக்கிறது, தேட வேண்டும்" என்றார்கள். மூன்று வாரம் தேடினார்கள். கடைசியில் மதுரையில் ஒரு விற்பனைப் பிரதிநிதி எக்ஸ்ரேயில் உலோகத்தின் வடிவத்தைப் பார்த்து இன்ன கம்பெனியாக இருக்கலாம் என்று சொன்னார். ஊகம்தான்.

மலை மேல் புத்தடியில் நடக்கும் ஏலத்தில் ஒவ்வொரு மூட்டை ஏலக்காய்க்கும் லாட் நம்பர் உண்டு. யார் கொண்டுவந்தது, எத்தனை கிலோ, யார் எடுத்தது, என்ன விலை என்று எல்லாம் கணக்கில் இருக்கும். அதைப் பறித்தவரின் முட்டிக்குள் இருக்கும் சாமானுக்குக் கணக்கு இல்லை. விலைக்கு மட்டும் கணக்கு உண்டு. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற முட்டிக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. பரவலாகப் போடும் கோபால்ட் குரோமியம் முட்டிக்கு 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அதை வரவேற்கிறேன். விலையை எண்ணத் தெரிந்த அரசுக்குப் பலனையும் எண்ணத் தெரியும்.

ஸ்வீடனில் 1975 முதல் முட்டிக்கும் 1979 முதல் இடுப்புக்கும் நாடு தழுவிய பதிவேடு வைத்திருக்கிறார்கள். அங்கே ஆளுக்கு ஓர் அடையாள எண். ஒரு ஊரில் போட்ட மூட்டு வேறொரு ஊரில் கழற்றப்பட்டாலும் அது முதலில் போட்ட மூட்டின் கணக்கில் ஏறிவிடும். இதன் பயன் சின்னதல்ல. ஏஎஸ்ஆர் என்ற இடுப்பு மூட்டு சீக்கிரமே கெட்டுப்போவதை ஆஸ்திரேலியப் பதிவேடு காட்டிக்கொடுத்தது. 2009 கடைசியில் அங்கே விற்பனையிலிருந்து எடுத்தார்கள், 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் ஏறக்குறைய 4,700 பேருக்கு அதைப் போட்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

நம் நாட்டிலும் மூட்டு அறுவை மருத்துவர்களின் சங்கம் ஒரு பதிவேடு நடத்துகிறது. ஆனால் விரும்பிய டாக்டர் அனுப்பலாம், விரும்பாதவர் விடலாம். அக்கறையுள்ள டாக்டர் தன் நோயாளிகளைத் தானே தொடர்ந்து கவனிப்பார் என்று சிலர் சொல்லக்கூடும். இடுப்பு மூட்டு மாற்றுக்கு வழிபோட்ட இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி அப்படிக் கவனித்தவர்தான். முதலில் தான் இடுப்புக் குழியில் வைத்த டெஃப்லான் என்ற பிளாஸ்டிக் கிண்ணங்கள் தேய்ந்துபோவதைக் கண்டு, 1962-ல் வேறு பிளாஸ்டிக்குக்கு மாறினார். ஆனால் அம்மா மதுரைக்குப் போனது கேரளத்து டாக்டருக்கு எப்படித் தெரியும்? அவர் கணக்கில் அம்மா இன்றைக்கும் நல்லபடியாக நடந்துகொண்டிருக்கிறார். எல்லையோரத்தில் இதே கதை நிறைய. தமிழ்நாட்டுப் பக்கத்து ஆட்கள் கேரளத்துக்குப் போய்ச் செய்துகொள்கிறார்கள், அங்கே தோட்டத்து லயத்தில் இருப்பவர்கள் மதுரைக்கும் தேனி மெடிக்கல் காலேஜுக்கும் வருகிறார்கள். அங்கே காருண்யா காப்பீட்டு அட்டை, இங்கே முதலமைச்சர் காப்பீட்டு அட்டை.

ஆபா என்று 14 இலக்க சுகாதார எண்ணை எல்லோருக்கும் கொடுத்து வருகிறார்கள். என் கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேரிடம் இருக்கிறது, எதற்கென்று தெரியாமல். மூட்டின் லாட் நம்பரை அந்த எண்ணோடு சேர்த்துப் பதிவதைக் கட்டாயமாக்கினால் குமுளி செக்போஸ்ட் ஒரு தடையே இல்லை. அடுத்த முறை மூட்டு பற்றி எழுதும்போது உங்கள் நிருபர் இரண்டு மாநிலச் சுகாதாரத் துறைகளிடமும் இதைக் கேட்க வேண்டும். அதுவரை வாசகர்கள் டிஸ்சார்ஜ் ஆகும் அன்றைக்கே ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அம்மாவுக்குத் தை மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் மட்டுமா, முழுதுமா என்பது திறந்து பார்த்த பிறகுதான் தெரியுமாம்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
குமுளி.