மூணு மாசமும் ஒரே 120/80

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. மேட்டுத்தெரு சித்தி பேரனுக்கு மொட்டை போட்டாச்சு. மத்ததெல்லாம் அப்புறம்.

போன்ல சொன்னா "நர்சம்மா ஆரம்பிச்சிட்டாங்க"ன்னு மாப்பிள்ளை கையில போனைக் கொடுத்திடுவே. அதான் பார்சலோட வைக்கிறேன். பிரசவத்துக்கு ஊருக்கு வர மாட்டேன்னு நீ சொன்னதைப் பத்தி இதுல ஒரு வரி எழுத மாட்டேன்.

நீ அனுப்பின செக்கப் அட்டை போட்டோவைப் பார்த்தேன். ரத்தம் 11.2 இருக்கு, சந்தோஷம். பிரஷர் கட்டத்தை மட்டும் விரலால பெரிசு பண்ணிப் பார்த்தேன். அஞ்சாம் மாசம் 120/80. ஆறாம் மாசம் 120/80. ஏழாம் மாசமும் அதே. "பார்த்தியா, நார்மல்"னு கீழே போட்டிருந்தே. முப்பது வருஷம் கர்ப்பிணிங்க கையில பட்டை சுத்தினவ நான். யாருக்கும் அச்சடிச்ச மாதிரி மூணு மாசம் வராது. பாதரச மிஷின்ல ரெண்டு ரெண்டாக் கோடு, 112, 118, 124ன்னு வரும். பட்டன் மிஷின்னா 117, 123ன்னு ஒத்தைப்படையும் வரும். உன் கையில நிஜமாவே பட்டை சுத்தினாங்களா?

சுத்தியிருந்தாலும் நீ உட்கார்ந்திருந்த லட்சணம் எனக்குத் தெரியும். டாக்டர் ரூம் வாசல்ல இருந்து வீடியோல வந்தியே, கால் மேல கால், கையில காபி, காதுல ஆபீஸ் மீட்டிங். அடுத்த தடவை அரை மணி முன்னாடியே காபியை நிறுத்து. பாத்ரூம் போய்ட்டு வந்து உட்காரு. முதுகு சாய்ஞ்சிருக்கணும், ரெண்டு பாதமும் தரையில படணும், அஞ்சு நிமிஷம் சும்மா இருக்கணும். சும்மான்னா போனையும் பையில போடறது. சுடிதார் கை மேலேயே சுத்த விடாதே. உனக்கு உங்க அப்பா வழிக் கை, பெரிய பட்டை கேளு. சின்னதைச் சுத்தினா இல்லாத பிரஷரைக் காட்டும். கையைத் தொங்க விட்டாலும் அப்படித்தான், நெஞ்சு உயரத்துக்கு மேஜை மேல வை. எடுக்கறப்ப பேசாதே. ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை எடுக்கச் சொல்லு. ஆபீஸ்ல பதினாலு பேரை வேலை வாங்கறவன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன், ஒரு நர்ஸ்கிட்ட "மறுபடி எடுங்க சிஸ்டர்"னு கேட்க வாய் வராதா? என்கிட்ட மட்டும் நல்லா வரும். எடுக்கறப்ப பேசாதே, மறந்திடாதே.

வளைகாப்பு போட்டோல இருந்த மோதிரம் போன வார வீடியோல இல்ல. விரல் வீங்கிடுச்சா? கேட்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்.

அந்த 120/80 எனக்கு எப்படித் தெரியும்னு சொல்லிடறேன். நானும் எழுதியிருக்கேன். நீ ஆறாங்கிளாஸ் படிச்ச வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை. அம்பது பேருக்கு மேல வரிசை. மிஷின் ரப்பர் குழாய்ல ஓட்டை, எவ்வளவு அமுக்கினாலும் பாதரசம் சரசரன்னு இறங்கிடும். பிளாஸ்திரி சுத்திச் சுத்திப் பார்த்தேன். மதியம் ஒரு மணிக்கு மேல பட்டையை மடிச்சு வச்சிட்டு, மீதி இருந்த அட்டை எல்லாத்துலயும் 120/80னு எழுதினேன். அதுல ஒருத்தி, தலைச்சன் பிள்ளைக்காரி, தலை வலிக்குதுக்கான்னா. முகம் லேசா உப்பியிருந்துச்சு. வெயில்ல வந்திருக்கே, மோர் குடின்னு அனுப்பிட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி அவளுக்கு வலிப்பு வந்துடுச்சு. அவ பிழைச்சா. பிள்ளை தங்கல. என்னை யாரும் ஒண்ணும் கேட்கல. அட்டைதான் சாட்சி சொல்லுச்சே, பிரஷர் நார்மல்னு. நடுவீட்டுல அப்பா மாட்டி வச்சிருக்கற சான்றிதழ் அந்த வருஷம் கொடுத்ததுதான். அப்பாவுக்குத் தெரியாது. அதைத் துடைக்கச் சொன்னா நான் ஏன் எரிஞ்சு விழுவேன்னு நீ கேட்பியே.

தலைவலி, கண்ணு முன்னால பூச்சி பறக்கறது, வலது விலா கீழே வலி, இதுல ஒண்ணு வந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரைக்கும் காத்திருக்காதே. ராத்திரியானாலும் போ. 140/90னு ஒரு தடவை வந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லி மறுபடி எடு, யூரினும் பார்க்கச் சொல்லு. மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போ.

என்கிட்டப் பேச வேண்டாம். ரெண்டு தடவை எடுத்த நம்பரையும் அனுப்பு, போதும்.

அம்மா

ஊறுகாய் கேட்டிருந்தே. இந்தத் தடவை வைக்கல.