கிணற்றடித் தோட்டத்தைப் பற்றி அப்பாவுக்கு

டூப்ளின் கவுண்டி, வட கரோலினா, அமெரிக்கா
செப்டம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம், நலமறிய ஆவல். பொங்கலுக்குப் பிறகு நான் ஒரு கடிதம்கூட எழுதவில்லை என்று அம்மா சொல்லிச் சொல்லி வருத்தப்படுவதாக அப்பாவின் கடிதத்தில் படித்தபோது நெஞ்சு கனத்துவிட்டது. போனில் ஐந்து நிமிடம் பேசினால் போதும் என்று இருந்துவிட்டேன், மன்னியுங்கள். கிணற்றடித் தோட்டத்தை வங்கியில் வைத்துத் தம்பி ஒப்பந்தக் கோழிப்பண்ணை போடப்போவதாகவும், அதற்கு என் கையெழுத்தும் வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்லும் முன், நான் இருக்கும் ஊரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

இந்த மாவட்டத்தில் மனிதர்கள் சுமார் 49 ஆயிரம் பேர். பன்றிகள் சுமார் 20 லட்சம். ஆனால் தெருவில் நடந்து போனால் ஒரு பன்றியைக்கூடப் பார்க்க முடியாது. நீண்ட தகரக் கொட்டகைகளும், அவற்றின் பக்கத்தில் நம் ஊர்க் குட்டையைவிடப் பெரிய, இளஞ்சிவப்பு நிறத்தில் தேங்கிக் கிடக்கும் சாணிக் குழிகளும்தான் கண்ணில் படும். குழி நிரம்பி வரும்போது அந்தத் தண்ணீரைப் பெரிய தெளிப்பான்களில் ஏற்றிப் புல்வெளியின்மேல் பீய்ச்சி அடிக்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ, அந்தப் பக்கத்து வீடுகளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன் அல்லவா, எனக்கு வெண்டைக்காயும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் கொடுக்கும் கறுப்பினப் பாட்டி. அவர் வாசலில் இறங்கியதும் விரலை எச்சிலில் நனைத்து மேலே தூக்கிப் பிடித்துக் காற்றின் திசையைப் பார்ப்பார். வந்த புதிதில் எனக்கு அது விசித்திரமாக இருந்தது. இரண்டு மரங்களுக்கு நடுவில் அவர் கட்டிய துணிக்கொடி இன்னும் இருக்கிறது, துருப்பிடித்த கிளிப்புகளோடு. அதில் துணி காய்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அடிமைத்தளை அறுந்த காலத்தில் அவருடைய முன்னோர் வாங்கிய நிலம் அது. பண்ணைகள் பிறகுதான் வந்தன. 2018-இல் இப்படிப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர்கள் பத்துப் பேர் பன்றிக் கம்பெனிமேல் தொடுத்த வழக்கில் ஜூரி 5 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. மாநிலச் சட்டத்தின் உச்சவரம்பைக் காட்டி அது 32.5 லட்சம் டாலராகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டில், இனிமேல் இப்படி வழக்குப் போடுவதே கடினமாகும்படி சட்டமன்றம் சட்டத்தை மாற்றிவிட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஃபுளோரன்ஸ் புயல் அடித்தபோது சுமார் 34 லட்சம் கோழிகளும் 5,500 பன்றிகளும் இந்த மாநிலத்தில் செத்துப்போயின. சில குழிகள் உடைந்தும் வழிந்தும் ஆற்றில் கலந்தன. புதிய குழி வெட்டுவதற்கு 1997-இலேயே தடை போட்டார்கள், ஆனால் ஏற்கெனவே இருந்தவற்றை விட்டுவிட்டார்கள். கழிவைச் சுத்தம் செய்யும் முறைகளைப் பல்கலைக்கழகமே ஆராய்ந்து கண்டறிந்த பிறகும், செலவு கட்டுப்படியாகாது என்ற ஒரே சொல்லில் அது நின்றுபோனது. கட்டுப்படியாகாத அந்தச் செலவைத்தான் பாட்டி தன் மூச்சிலும், என் வகுப்பில் இன்ஹேலரோடு வரும் பிள்ளைகள் தங்கள் நெஞ்சிலும் சுமக்கிறார்கள் என்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

போன மாதம் சிக்னலில் என் பக்கத்தில் ஒரு லாரி வந்து நின்றது. தகரத்தின் ஓட்டை வழியாக ஈரமான மூக்கு ஒன்று நீண்டு காற்றை உறிஞ்சியது. மேலே வெள்ளை இமையோடு ஒரு கண் என்னையே பார்த்தது. அந்த உயிருக்கு ஆறு மாத வயதுதான் இருக்கும். அதன் தாய் வயிற்றில் குட்டியைச் சுமக்கும் நாட்களில் ஒரு பகுதியையாவது, இரண்டடி அகலமும் ஏழடி நீளமுமான கம்பிக் கூண்டுக்குள், திரும்பிப் படுக்கக்கூட வழியில்லாமல் கழித்திருக்கும். அன்றிலிருந்து கறி எனக்கு இறங்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை அம்மா, பருப்பும் கீரையும் கிடைக்கின்றன, நன்றாகத்தான் சாப்பிடுகிறேன்.

ஆனால் விடியற்காலையில் விழிப்பு வந்தால், நீ கொடாப்பைத் தூக்கியதும் தாய்க்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு சாம்பல் மேட்டுக்கு ஓடும் சத்தம் காதில் கேட்கிறது. நாமும் கோழியை அறுத்துத்தான் தின்றோம். ஆனாலும் அது மண்ணைக் கிளறி, வெயில் காய்ந்து, நம் கண்முன்னே வாழ்ந்துவிட்டுத்தான் செத்தது. அந்தச் சத்தத்தை நினைத்துக்கொண்டு இங்கே சில நாட்கள் தலையணை நனையும்வரை படுத்திருக்கிறேன். இதை எழுதியிருக்க வேண்டாம், எழுதிவிட்டேன்.

அப்பா, இந்த ஊர் ஒப்பந்தத்தின் சாரம் இதுதான்: பன்றி கம்பெனிக்குச் சொந்தம், தீவனமும் கம்பெனி கொடுக்கும், கொட்டகை, அதன் மேலுள்ள கடன், சாணி, செத்த பன்றி எல்லாம் விவசாயிக்குச் சொந்தம். தம்பி கையில் வைத்திருக்கும் தாளிலும் குஞ்சு அவர்களுடையது, ஷெட்டும் எருவும் நம்முடையவை என்றுதான் இருக்கும். சித்திரை வெயிலில் கோழி சுருண்டு விழுந்தால் யார் கணக்கில் எழுதுவார்கள்? தீவனம் தரமில்லாமல் எடை ஏறாவிட்டால் வளர்ப்புக் கூலியில் எவ்வளவு பிடிப்பார்கள்? அடுத்த குஞ்சு இறக்காமல் மூன்று மாதம் ஷெட்டைக் காலியாகப் போட்டால் வங்கித் தவணையை யார் கட்டுவார்கள்? குஞ்சுக்கு என்ன மருந்து போடுகிறார்கள் என்பதையும் கேட்கச் சொல்லுங்கள். கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழிக்குக் கொடுக்கக் கூடாது என்று நம் அரசு 2019-இலேயே தடை செய்துவிட்டது. ஈ மொய்த்தால் முதலில் அவதிப்படப்போவது கிழக்கு வீட்டுப் பெரியம்மாதான்; அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. மஞ்சள் விலை விழுந்தால் அவன் வேறு என்னதான் செய்வான் என்பதும் புரிகிறது. ஆனால் ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பும்வரை நான் கையெழுத்துப் போடமாட்டேன். உடுமலை மாமா இரண்டு வருடம் ஷெட் நடத்திவிட்டு ஏன் நிறுத்தினார் என்பதை அவனே நேரில் போய்க் கேட்டு வரட்டும். கிணற்றுத் தண்ணீரை இப்போதே ஒருமுறை பரிசோதித்துத் தாளை வாங்கி வையுங்கள். ஷெட் போடுவதாக இருந்தாலும் கிணற்றுப் பக்கம் வேண்டாம், மேற்கு வரப்பு ஓரம் பார்க்கலாம்.

இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும். வேறொன்றுமில்லை, ஏஜென்சித் தவணை சேர்ந்து வந்துவிட்டது. அம்மாவின் கண் பரிசோதனையை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம், சின்னம்மாவிடம் வாங்கிக்கொள்ளுங்கள், நான் அவர்களுக்கே அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்