குடியிருப்போர் நலச் சங்கம்னு போர்டு இருக்கு, குடியிருக்கறவங்க எங்க?

மதிப்புக்குரிய தலைவர் சார், செயலாளர் சார், கமிட்டில இருக்கற எல்லாருக்கும் வணக்கம்.

மடிப்பாக்கத்துல நம்ம நாலு தெருவுக்கும் சேர்த்து இருக்கற சங்கத்துக்கு தான் இத எழுதறேன். பேர் போடல, படிச்சா உங்களுக்கே தெரிஞ்சிடும். நான் இங்க 9 வருஷமா வாடகைக்கு இருக்கேன், மூணு வீடு மாறியாச்சு, ஏரியாவ விட்டு போகல, பையன் எல்கேஜி சேர்ந்தது இங்க தான், இப்போ எட்டாவது படிக்கறான்.

போன தடவ ஏரியா சபா, அதான் ஏரியா வாக்காளர்கள் எல்லாரும் கவுன்சிலர் கிட்ட தேவைகள சொல்ற கூட்டம், நடந்து மூணு நாள் கழிச்சு தான் எனக்கு விஷயமே தெரியும், அதுவும் அயர்ன் வண்டிக்காரர் சொல்லி. நோட்டீஸ் சங்கத்து வாட்ஸப் குரூப்ல வந்துச்சாம், அந்த குரூப்ல ஹவுஸ் ஓனர்ஸ் மட்டும் தான். சங்கம் கவுன்சிலர் கிட்ட குடுத்த லிஸ்ட்ட அப்புறமா எங்க ஓனரம்மா காட்டினாங்க (நல்லவங்க, அவங்கள நான் எதுவும் சொல்லல). முதல்ல பார்க்ல நடைபாதை, அடுத்தது தெருமுனைல கேமரா, அதுக்கு அடுத்தது தெருவுல நிக்கற பைக்கெல்லாம் எடுக்கணும். மழைநீர் கால்வாய் ஏழாவது. சார், தெருவுல நிக்கற பைக் யாரோடது? "வண்டி வெளிய தான் விடணும்"னு முதல்லயே சொல்லி தான எங்களுக்கு வீடே குடுக்கறீங்க.

அந்த ஏழாவது தான் எனக்கு வயித்தெரிச்சல். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்போ எங்க போர்ஷன்ல கட்டில் உயரத்துக்கு தண்ணி. நம்ம தெருவுல பாதி வீடு கீழ வாடகை, மேல ஓனர். ரோடு மேல ரோடு போட்டு உசந்துகிட்டே போய் கீழ் போர்ஷன் எல்லாம் பள்ளத்துல மாட்டிகிச்சு, தண்ணி வந்தா முதல்ல எங்க அடுப்படிக்கு தான் வரும். மாடிக்கு கூப்பிட்டு ரெண்டு நாள் சோறு போட்டாங்க, அத சாகற வரைக்கும் மறக்க மாட்டேன், ஆனா ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் மெத்தையும் போனது கீழ தான. நிவாரணம் 6000 ரூபாய் ரேஷன் கார்டுக்குன்னு சொன்னாங்க, எங்க கார்டு அப்போ ஊர் அட்ரஸ்ல இருந்துச்சு, மனு எழுதிகிட்டு லைன்ல நின்னோம். உங்களுக்கு கெட்ட எண்ணம்னு நான் சொல்ல வரல, லிஸ்ட் போட்ட ரூம்ல கீழ் போர்ஷன் ஆள் ஒருத்தர் கூட இல்ல, மாடில நின்னு பாத்தா பார்க் தான கண்ணுக்கு தெரியும்.

இந்த ஏரியா சபா சங்கத்தோட சொந்த கூட்டம் கிடையாது சார். 2022ல வந்த விதிப்படி சென்னையோட 200 வார்டுலயும் வார்டுக்கு 10 ஏரியா, அந்தந்த ஏரியா வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கற அத்தனை பேரும் அதுல ஆளு. சொத்து வரி ரசீது யாரும் கேக்கல. வரி கட்டினவனுக்கு தான் ஓட்டுனு சொன்னது வெள்ளைக்காரன் காலம். 2011ல சென்னையோட சேர்க்கற வரைக்கும் மடிப்பாக்கம் ஊராட்சியா தான் இருந்துச்சு, கிராம சபைல எந்திரிச்சு நின்னு கேள்வி கேக்கலாம்னு பழைய ஆளுங்க இன்னும் சொல்வாங்க. மாநகராட்சி ஆனதும் அது போச்சு, அப்புறம் 2016ல இருந்து 2022 வரைக்கும் கவுன்சிலரே கிடையாது, இத்தனை வருஷம் கழிச்சு வாய தொறக்க ஒரு இடம் கிடைச்சா அதோட நோட்டீஸ் ஓனர் குரூப்லயே நின்னுடுது. வார்டு கமிட்டிக்கு நம்ம ஏரியா சார்பா போறவரும் சங்கத்துக்காரர், ஆனா சங்கத்துல உறுப்பினர் ஆகணும்னா பைலாப்படி, அதான் சங்க விதிப்படி, சொந்த வீடு வேணும், அப்போ அவர் யார் சார்பா பேசறாரு?

"நீங்க இன்னைக்கு இருப்பீங்க, நாளைக்கு காலி பண்ணிடுவீங்க"னு பொருளாளர் சார் ஒரு தடவ சொன்னாரு. நாங்களா ஆசைப்பட்டா காலி பண்றோம், 11 மாச அக்ரிமென்ட் யார் போட்டது. ரெண்டாவது தெருவுல ரெண்டு வீட்டு ஓனர் வெளிநாட்டுல இருக்காங்க, பொதுக்குழுவுல போன்லயே ஓட்டு போடறாங்க. 1950 மக்கள் பிரதிநிதித்துவ சட்டம் 20வது பிரிவ படிங்க, ஒரு இடத்துல வீடு இருக்குங்கற ஒரே காரணத்துக்காக ஒருத்தர அங்க சாதாரணமா வசிக்கறவரா எடுத்துக்க முடியாதுனு தெளிவா போட்டிருக்கு.

சொத்து வரி நாங்க தான கட்டறோம்னு இன்னொரு பேச்சு. 2022ல வரி ஏறினதும் எனக்கு வாடகை 1500 ஏறிச்சு, காரணம் கேட்டதுக்கு வரி ஏறிடுச்சுனு தான் பதில் வந்துச்சு. சரி விடுங்க.

அபார்ட்மென்ட் அசோசியேஷன்ல ஓனர் தான் மெம்பர்னா எனக்கு ஒரு சண்டையும் இல்ல, அது அவங்க பில்டிங், லிஃப்ட் ரிப்பேருக்கு காசு போடறது அவங்க. தெரு அப்படியா? குப்பை, கால்வாய், தெருவிளக்கு, மெட்ரோ வாட்டர் லாரி, இதுல எல்லாம் ஓனர் தண்ணி வாடகைக்காரன் தண்ணினு தனியாவா வருது?

எங்க பக்கத்து தப்பையும் சொல்லிடறேன், இல்லனா நியாயமா இருக்காது. எங்கள்ல நெறைய பேர் ஓட்ட ஊர்லயே வெச்சிருக்கோம், பொங்கலுக்கு போறப்போ பாத்துக்கலாம்னு. 2022 மாநகராட்சி தேர்தல்ல சென்னைல 44 சதவீதம் கூட ஓட்டு விழல, அதுல எங்க பங்கும் இருக்கு. நானே 4 வருஷம் கழிச்சு தான் மாத்தினேன். ஆனா மாத்த போனா பதிவு பண்ண வாடகை ஒப்பந்தம் கேக்கறாங்க, இல்லனா ஒரு வருஷ கேஸ் பில், ஈபி பில், பேங்க் பாஸ்புக்னு ஏதாவது. பதிவு பண்ணவே மாட்டேன்னு ஓனர் சொன்னா என்ன பண்றது, 2017ல வந்த வாடகை சட்டம் எழுத்துல போட்டு பதிவு பண்ணணும்னு தான் சொல்லுது, ஆனா "வீடு உங்க பேருக்கு போயிடும்"னு ஒரு பயம் இங்க ரொம்ப நாளா சுத்துது. 2025 டிசம்பர்ல எஸ்ஐஆர் (வாக்காளர் பட்டியல் தீவிர திருத்தம்) வரைவு பட்டியல் வந்தப்போ தமிழ்நாடு முழுக்க 97 லட்சம் பேருக்கு மேல பட்டியல்ல காணோம், எங்க பக்கத்து போர்ஷன் பொண்ணு பேர் பழைய வீட்டு அட்ரஸ்லயும் இல்ல, புது வீட்டு அட்ரஸ்லயும் இல்ல. அந்த நேரத்துல சங்கம் ஒரு டேபிள் போட்டு ஃபார்ம் நிரப்பி குடுத்திருந்தா எவ்வளவோ பேரோட பேர் பட்டியல்ல நின்னிருக்கும்.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. அடுத்த பொதுக்குழுல பைலாவ மாத்த தீர்மானம் கொண்டு வாங்க, ஒரு வருஷம் இங்க இருக்கற குடித்தனக்காரங்களும் உறுப்பினர் ஆகலாம்னு, கமிட்டில ரெண்டு இடம், அதுல ஒண்ணு கீழ் போர்ஷன் ஆளுக்கு. அது வரைக்கும் ஏரியா சபா நோட்டீஸ அண்ணாச்சி கடை போர்டுல ஒட்டுங்க, பால் வாங்க வர்றப்போ எல்லாரும் படிச்சுக்குவோம்.

வருஷா வருஷம் வாட்ச்மேனுக்கும் கேமராவுக்கும் 600 ரூபாய் நானும் குடுத்துட்டு தான் இருக்கேன். ரசீதுல "நன்கொடை"னு எழுதறீங்க. இந்த வருஷ காச எடுத்து வெச்சிருக்கேன், வாங்க வர்றப்போ "சந்தா"னு எழுதற ரசீது புக்க கொண்டு வாங்க.

இப்படிக்கு,
நாலாவது தெரு, கீழ் வீடு, பின் போர்ஷன் குடித்தனக்காரி