வளவு தாண்டிய வைஃபை

கானாடுகாத்தான்

அன்புள்ள மீனா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நலமா? மூன்று மாதமாகக் கடிதம் இல்லை என்று திட்டாதே. நேற்று உன் ஆத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பதறாதே, சந்தோஷ அழுகை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் என்னிடம் கோபப்பட்டாயே, "ஆத்தா பாதியிலேயே போனை வைத்துவிடுகிறார்கள், என்னோடு பேச அவ்வளவு அலுப்பா?" என்று. அவர்கள் வைக்கவில்லையடி. எங்கள் வீட்டுச் சுவர்தான் உங்கள் பேச்சை வெட்டியது. தினமும் நாலு மணிக்கு ஆத்தா இங்கே வந்து இரண்டாம் கட்டில் அப்பத்தாவோடு உட்காருவார்கள். உனக்கு அப்போது ஆறரை, ஆபீஸ் விட்டிருப்பாய். போனைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருப்பார்கள். உன் முகம் வரும், கட்டம் கட்டமாக உடையும், போய்விடும். "பிள்ளைக்கு வேலை இருக்கும்" என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

இணைய இணைப்பு கொடுக்க வந்த பையன், வயர் எங்கே உள்ளே வந்ததோ அங்கேயே, முகப்பில் பெரிய பெல்ஜியம் கண்ணாடிக்குப் பின்னால் வைஃபை தரும் பெட்டியை, அந்த ரௌட்டரை, மாட்டிவிட்டுப் போய்விட்டான். கண்ணாடியின் பின்பூச்சு உலோகம் அல்லவா, அலையைத் திருப்பி அடித்துவிடும். அதைத் தாண்டினாலும் ஐயா காலத்துச் செங்கல் சுண்ணாம்புச் சுவர், இரண்டடி கனம். அப்புறம் நடு முற்றமான வளவு, மறுபடி ஒரு சுவர். வைஃபை அலையில் இரண்டு வகை. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானதுதான், ஆனால் சுவரில் சீக்கிரம் தேய்ந்துவிடும். 2.4 கொஞ்சம் தூரம் போகும், அதுவும் பட்டாலை வரைக்கும்தான் தாக்குப்பிடித்தது.

முதலில் ரிப்பீட்டர் வாங்கினோம். சிக்னல் கோடு முழுதாகத் தெரிந்தது, படம் மட்டும் ஓடவில்லை. ஒரே ரேடியோ கேட்கவும் வேண்டும், கேட்டதைத் திருப்பிச் சொல்லவும் வேண்டும் என்பதால் வேகம் பாதியாகிவிடுமாம். கடைசியில் வயரே இழுத்துவிட்டேன். தெருவாசலிலிருந்து பின்கட்டு வரை அளந்தால் 160 அடி. லேன் வயர் 100 மீட்டர் வரை தாங்கும், அதனால் கவலையில்லை. சுவரில் ஒரு துளைகூடப் போடவில்லை மீனா! தேக்கு விட்டத்தின் மேலேயே ஒட்டி எடுத்துப்போய், கடைசியில் இன்னொரு ரௌட்டரை வைத்தோம்.

அதிலும் ஒருநாள் முழுக்கக் குழப்பம். புது ரௌட்டரும் தன் பங்குக்கு எல்லா போனுக்கும் எண் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு பந்திக்கு இரண்டு பேர் இலை போட்ட மாதிரி. டிஹெச்சிபி என்கிற அந்த எண் கொடுக்கும் வேலையை முன்னால் இருப்பதற்கே விட்டுவிட்டு, பின்னால் இருப்பதில் நிறுத்திய பிறகுதான் சரியானது. இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தெருவுக்கு நம் வீடு ஒரே கதவு எண், உள்ளே நாலு புள்ளிக்கு, நாலு குடும்பத்துக்கு, நாலு உள்வீடு. ரௌட்டரும் அப்படித்தான். வெளியே ஒரே முகவரி, உள்ளே ஒவ்வொரு போனுக்கும் தனி எண், வந்த தபால் யாருக்கு என்று பார்த்து அதுவே உள்ளே கொடுத்துவிடுகிறது. பணத்தையும் கோவில் வரி மாதிரிப் புள்ளிக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டோம். பங்காளிகளில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை, நம்புவாயா?

ஒன்றுதான் மனதை அரிக்கிறது. ரௌட்டரின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டையே இவ்வளவு நாளும் வைத்திருந்தோம். தெருவில் பாதிப் பேருக்கு அது தெரியும். திண்ணையில் யார் யாரோ உட்கார்ந்து போன் பார்ப்பார்கள், நானும் பேசாமல் இருந்துவிட்டேன். இணைப்பு அப்பச்சி பெயரில் இருக்கிறது. யாராவது தப்பாக ஏதாவது செய்தால் முதலில் கேள்வி அவர்களிடம்தானே வரும்? எண்பது வயதில் அவர்களுக்கு அது வேண்டாம். பாஸ்வேர்டை நீளமாக மாற்றி, விருந்தாளிகளுக்குத் தனிப் பெயரில் ஒரு வைஃபை வைத்துவிட்டேன். வருகிறவர்களுக்கு இணையம் கிடைக்கும், தம்பியின் ஆபீஸ் கம்ப்யூட்டர் பக்கம் போக முடியாது. ஆனாலும் அடுத்த மாதம் முன்னோர் படைப்புக்கு அறுபது பேர் வருவார்கள். "என்ன ஆச்சி, பாஸ்வேர்டு இல்லையா?" என்பார்கள். பெரியவர்களிடம் எப்படி மறுப்பது? நீ என்ன செய்வாய், எழுது.

நேற்று முதல்முறையாக நாற்பது நிமிடம் உடையாமல் பேசினீர்களே, அப்போது நான் அடுப்படியில் இருந்தேன். உன் சின்னவள் பல் விழுந்த வாயைக் காட்டினாளாம். ஆத்தா அதைப் பத்துத் தடவை சொல்லியாகிவிட்டது.

இங்கே ஆத்தா வீட்டுக்கும் ஒரு தனி இணைப்பு வாங்கிக் கொடு. மழைக்காலத்தில் இவ்வளவு தூரம் ஆத்தாவால் நடந்து வர முடியாது. வயர் போடும் ஆளை நானே அனுப்புகிறேன், கூடவே நின்று பார்த்துக்கொள்கிறேன். அதுவரை நாலு மணி நம் வீட்டில்தான். நாளைக்குத் தவறாமல் கூப்பிடு.

அன்புடன்,
உமையாள்