காப்பர்-டி எடுத்த கணக்கு யாரிடம் இருக்கிறது?

இனப்பெருக்க நலத் திட்டங்களை மதிப்பிடச் சென்னைக்கு வரும் குழுவினருக்கும், அவர்களை அனுப்பும் நிதி அமைப்புகளுக்கும்,

வணக்கம். சுகாதாரத் துறைத் தலைமை அலுவலகங்கள் இருக்கும் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஒரு கூட்டம், மறுநாள் இரண்டு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், சாயங்காலம் விமானம் என்று உங்கள் பயணம் முடிந்துவிடுகிறது. உங்களுக்காக வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புகிறவர்களில் நானும் ஒருத்தி. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி போட்ட கணக்கை இவ்வளவு கவனமாகப் பார்க்கிற நீங்கள், எடுத்த கணக்கை ஏன் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை?

சுகாதார நிலையங்கள் மாதாமாதம் அரசுக்கு அனுப்பும் எச்.எம்.ஐ.எஸ். அறிக்கையில் எடுத்ததற்கும் ஒரு வரி இருக்கிறது. ஆனால் அதில் விழுவது வெறும் எண். போட்ட எத்தனையாவது மாதத்தில் எடுத்தார், எதற்காக எடுத்தார், முதல் தடவை கேட்டபோதே எடுத்துவிட்டார்களா, இல்லை 'கொஞ்ச நாள் பொறுத்துப் பாரும்மா' என்று திருப்பி அனுப்பினார்களா, எதுவும் அந்த எண்ணில் தெரியாது.

உங்கள் கணக்குமுறையில் 120 ஆணுறை கொடுத்தால் ஒரு தம்பதிக்கு ஓர் ஆண்டுப் பாதுகாப்பு. காப்பர்-டி 380ஏ ஒன்று போட்டால் 4.6 ஆண்டு. பத்து வருஷம் தாங்கும் சாதனத்துக்கு 4.6 என்று வைத்ததே, சிலர் சீக்கிரம் எடுத்துவிடுவார்கள் என்பதையும் சேர்த்துத்தான். சராசரியாக அது நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் போட்ட அன்றைக்கே 4.6-உம் வரவில் ஏறிவிடுகிறதே! ஆறாம் மாதம் அவர் எடுத்துவிட்டாலும் ஏட்டில் நாலரை வருஷம் பாதுகாப்பாகவே இருப்பார்.

சென்னையில் இந்தக் கணக்கு இன்னும் கந்தல். காரணம், தாய்வீடு. கண்ணகி நகரில் குடியிருக்கும் ஒரு பெண் வளைகாப்பு முடிந்து திருவண்ணாமலைப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே பிரசவம், 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கைக்குழந்தையோடு இங்கே திரும்புகிறார். அப்புறம்தான் அடிவயிற்று வலி, மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு. போட்ட ஆஸ்பத்திரிக்கு யார் பஸ் ஏறிப் போவது? பக்கத்துத் தெரு கிளினிக்கில் காசு கொடுத்து எடுத்துக்கொள்கிறார். போட்டது அந்த மாவட்டத்துக்குச் சாதனை. எடுத்தது எந்த மாவட்டத்தின் ஏட்டிலும் கிடையாது. கர்ப்பிணிகளைப் பின்தொடர இங்கே பிக்மி எண் இருக்கிறது. அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டும் என்கிற அளவுக்குக் கறாராக இருக்கிறார்கள். அதே எண்ணோடு இதையும் கோர்த்தால் என்ன?

தேசியக் குடும்ப நல ஆய்வில் மூன்று நல்ல கேள்விகள் உண்டு. வேறு முறைகளும் இருப்பதைச் சொன்னார்களா, பக்க விளைவுகளைச் சொன்னார்களா, அவை வந்தால் என்ன செய்வது என்று சொன்னார்களா. உங்கள் படிவத்திலும் அவற்றைச் சேர்த்திருக்கிறீர்கள், சந்தோஷம். வியாசர்பாடிப் பக்கம் ஒரு வீட்டில் இதைக் கேட்டேன். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மூன்று கேள்விக்கும் மருமகள் 'ம்' என்றார். டேப்லெட்டில் மூன்றும் 'ஆம்' என்று ஏறியது. தண்ணீர் லாரி வந்து மாமியார் குடத்தோடு கீழே இறங்கியதும், 'அக்கா, அதை எடுக்கணும்னா எங்க போகணும்? போட்டதே டிஸ்சார்ஜ் அட்டையப் பாத்துதான் எனக்குத் தெரியும்' என்றார் மருமகள். இதை எழுத உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

குடும்ப வன்முறை பற்றிய கேள்விகளுக்குத் தேசிய ஆய்வில் ஒரு விதி இருக்கிறது. தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே கேட்கக் கூடாது. இந்த மூன்று கேள்விக்கும் அந்தக் கறார் வேண்டும். தினம் இத்தனை வீடு முடித்தாக வேண்டும் என்று எங்களை நெருக்கிவிட்டு, தனிமையில் கேட்டாயா என்று விசாரித்தால் எப்படி?

நர்ஸ்களைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1994-இல் கெய்ரோவில் மக்கள்தொகை பற்றிய ஐ.நா. மாநாடு; இலக்கை விடப் பெண்ணின் விருப்பமே முக்கியம் என்று பேசினார்கள். 1996 ஏப்ரலில் நாடு முழுக்கக் கருத்தடை இலக்குகளை ஒழித்தார்கள். டார்கெட் போய் 'எதிர்பார்க்கப்படும் அளவு' என்று ஒன்று வந்தது. ரிவ்யூ மீட்டிங்கில் எழுப்பி நிறுத்தி 'ஏன் குறைவு' என்று கேட்பது மட்டும் போகவில்லை. அந்தக் கேள்விக்குப் பயந்து வேலை பார்க்கிறவர், எடுக்கச் சொல்லி வரும் பெண்ணை எந்த முகத்தோடு வரவேற்பார்?

இத்தனைக்கும் பிறப்பைக் குறைக்க வேண்டிய அவசரம் இங்கே எப்போதோ முடிந்துபோன கதை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. தொகுதி மறுவரையறைப் பயத்தில் மேடைக்கு மேடை 'சீக்கிரம் பெற்றுக்கொள்ளுங்கள்' என்றுகூடச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். (பெண்கள் எப்போது பெற வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதில் எல்லோருக்கும்தான் எத்தனை அக்கறை!) அதே ஆய்வில் 15-49 வயது மணமான பெண்களில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 57.8 சதவீதம். கணவர் செய்துகொண்டது 0.1. இந்த 0.1 உங்கள் அறிக்கைகளில் அட்டவணையைத் தாண்டி வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் எங்கே தாமதம், யார் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், ஆம்புலன்ஸ் எப்போது வந்தது என்று ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியே அலசும் வழக்கத்தைப் பல மாநிலங்களுக்கு முன்பே தொடங்கியது தமிழ்நாடு. வீட்டாரிடமும் கேட்கிறார்கள். 2018-20இல் லட்சம் உயிர்ப்பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தபோது இங்கே 54. செத்தவருக்காக இவ்வளவு விசாரிக்கத் தெரிந்த அமைப்பு, வலியோடு நடமாடும் பெண்ணிடம் நாலு வார்த்தை கேட்காதா?

அடுத்த முறை பயணத் திட்டம் போடும்போது டி.எம்.எஸ். கூட்டத்தை ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். மிச்ச நேரத்தில் காப்பர்-டி எடுத்துவிடும் சின்னக் கிளினிக்குகளுக்குப் போய், பெயர் வேண்டாம், மாதமும் காரணமும் மட்டும் கேட்டு வாங்குங்கள். உங்கள் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை இரண்டு பக்கத்தில் சுகாதார நிலைய நர்ஸ்களுக்கும் அனுப்புங்கள். அறிக்கையில் என்ன எழுதினீர்கள் என்று அவர்கள் என்னிடம்தான் கேட்கிறார்கள். எனக்கும் நீங்கள் அனுப்புவதில்லை.

இப்படிக்கு,
கள ஆய்வுப் பணியாளர் ஒருத்தி,
சென்னை