அம்பை (அம்பாசமுத்திரம்) சேக்காளிக்கு, பழைய கார் வாங்குவது பற்றி

பாளையங்கோட்டை,
ஆனிக் கடைசி

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி இன்னும் விடவில்லை என்று படித்ததும் கஷ்டமாகப் போச்சு. நம் பள்ளிக்கூட நாட்களில் அம்பையிலிருந்து பாபநாசம் வரை நடந்தே போய்க் குளித்துவிட்டு வருகிற ஆள் அவர். இங்கே எல்லாரும் சௌக்கியம். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம் முடிந்து டவுன் ரத வீதிகள் இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விடுகின்றன. உங்கள் பக்கம் சாரல் நன்றாக விழுகிறதாமே, பாபநாசம் அணையில் தண்ணீர் ஏறுகிறது என்று பேப்பரில் பார்த்தேன். கார் பருவ நெல் நடவு முடிந்ததா?

சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். கையில் இரண்டு லட்சம் இருக்கிறது, கடன் வாங்கப் பிரியமில்லை, எந்தக் கார் எடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். மாசம் இரண்டு தடவை இங்கே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் என்றால் வாடகைக் காரே மலிவு என்று சொல்லியிருப்பேன். போக வர எழுபது எழுபத்தைந்து கிலோமீட்டர், அதற்காக இன்சூரன்ஸ் கட்டி, பேட்டரி மாற்றி, வீட்டு முன்னால் ஒரு வண்டியை வெயிலில் காயப் போட வேண்டியதில்லை. ஆனால் வாரா வாரம் பிசியோதெரபி, சங்கரன்கோவிலில் மகள் வீடு, வயலுக்குப் போக வர என்று நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் சொந்த வண்டி தேவைதான்.

நீ ஆல்ட்டோவிலேயே நிற்கிறாய். நல்ல வண்டிதான். எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பான், பாகங்கள் விலை குறைவு, பெட்ரோலும் அதிகம் குடிக்காது. ஆனால் அது தாழ்ந்த வண்டி. முழங்கால் வலிக்காரருக்கு அதில் உட்காருவதைவிட எழுந்திருப்பதுதான் பெரிய பாடு. அதனால் வண்டியை நீ தேர்ந்தெடுக்காதே, அம்மாவின் முழங்கால் தேர்ந்தெடுக்கட்டும். தெரிந்தவர்கள் வீட்டில் ஒரு ஆல்ட்டோவிலும் ஒரு வேகன் ஆரிலும் அவரை ஏற்றி இறக்கிப் பார். வேகன் ஆரில் சீட் நாற்காலி உயரத்தில் இருக்கும், கூரையும் உயரம், அப்படியே பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். பழைய சான்ட்ரோவும் இந்த விஷயத்தில் மோசமில்லை. மாருதி 800 இன்னும் தாழ்வு, அதோடு அதன் தயாரிப்பு 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. நானோ மலிவாக வருகிறதே என்றும் கேட்டிருந்தாய். ஏறி இறங்க அது நல்ல உயரம்தான். ஆனால் எஞ்சின் பின்னால் இருக்கிறது, முதலில் வந்த நானோக்களில் டிக்கிக் கதவே திறக்காது, பின் சீட்டை மடக்கித்தான் சாமான் வைக்க வேண்டும். அம்மாவின் வாக்கரை எங்கே வைப்பாய்?

வேகன் ஆர் என்றால் 2010-க்கு அப்புறம் வந்ததைப் பார். அதில் வருவது 998 சிசி கே சீரிஸ் எஞ்சின், எஞ்சின் வால்வுகளை நேரத்துக்கு இயக்குகிற டைமிங் செயின் உள்ளது. பழைய சான்ட்ரோ, ஆல்ட்டோ 800 இரண்டிலும் அந்த வேலைக்கு ரப்பர் டைமிங் பெல்ட். பெல்ட் இருப்பது குற்றமில்லை, குறித்த கிலோமீட்டரில் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லாவிட்டால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசு. ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் நடுரோட்டில் அப்படியே நின்றுவிடும்.

டீசல் பக்கம் போகாதே, உன் ஓட்டத்துக்கு அது கட்டாது. ஷெவர்லே ஸ்பார்க், பீட் எல்லாம் அழகாக, விலை இறங்கி நிற்கும். அந்தக் கம்பெனி 2017-இல் இந்தியாவில் விற்பனையையே நிறுத்திவிட்டது. ஒரு கண்ணாடியோ சென்சாரோ போனால் மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் போன் போட்டுக்கொண்டிருக்க உனக்கு நேரம் உண்டா?

இதெல்லாம் சின்ன விஷயம். நம் ஜில்லாவில் பழைய கார் வாங்குகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறே. 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் இந்த வண்டி எங்கே நின்றது?

அந்த மழையை உனக்கு நான் சொல்ல வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை கடந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்குள்ளே வந்தது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் வீடுகளே முங்கிக் கிடந்தபோது தெருவில் நின்ற கார்களைப் பற்றிக் கேட்கவா வேண்டும். முங்கின வண்டிகளில் பல இன்சூரன்ஸில் மொத்த நஷ்டமாகி ஏலத்துக்குப் போய், பிரித்துக் காயவைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து மறுபடி சந்தைக்கு வரும். பார்க்கப் புதுசு போல இருக்கும். வயரிங்கில் ஏறின தண்ணீர் ஒன்றரை வருசம் கழித்துக்கூட வேலையைக் காட்டும். இன்றைக்கு ஹாரன், நாளைக்கு பவர் விண்டோ, அடுத்த வாரம் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

போன மாசம் பக்கத்து வீட்டு அண்ணாச்சியோடு, பழைய கார் விற்கிற ஒரு கன்சல்டிங்கில் வெள்ளை வேகன் ஆர் பார்க்கப் போனேன். மின்னியது. சீட் கவர் புதுசு, மேட் புதுசு, உள்ளே மல்லிகை வாசனைத் திரவம். கூட வந்த மெக்கானிக் தம்பி எஞ்சினைத் தொடவே இல்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தான். நாம் தினமும் இழுக்கிற அளவோடு நிற்காமல், உள்ளே சுருள் தீரும் வரை முழுசாக இழுத்தான். கடைசி ஒரு சாண் நீளத்துக்கு வண்டல் நிறத்தில் ஒரு கறை, அதன் விளிம்பு கோடு போட்டது போல நேராக இருந்தது. அப்புறம் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, கீழே தண்டவாளத்தில் இருந்த போல்ட்டைக் காட்டினான். துரு. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் குழியின் மூலையில் மாவு மாதிரி மண். 'வெள்ளத்தில் நின்ன வண்டியா?' என்று அண்ணாச்சி கேட்டதற்கு, 'சும்மா டயர் அளவுதான்' என்றார் கன்சல்டிங்காரர். டயர் அளவுத் தண்ணீர் பெல்ட் சுருளுக்குள் எப்படி ஏறும்? நாங்கள் டீ குடிக்கப் போய்விட்டோம்.

நீயும் அதே மாதிரி பார். சீட் பெல்ட், சீட் தண்டவாளம், ஸ்டெப்னிக் குழி, மேட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிற கார்பெட். கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி மோந்து பார், வெட்கப்படாதே. வாசனைத் திரவம் தூக்கலாக இருந்தாலே எனக்குச் சந்தேகம் வரும். சர்வீஸ் ரிக்கார்டு இருந்தால் 2024 ஜனவரி, பிப்ரவரியில் என்ன பில் என்று பார். வெள்ளத்துக்கு அப்புறம் கிளெய்ம் எதுவும் போனதா என்று இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரிக்கவும் செய்யலாம்.

அடுத்தது கடற்காற்று. தூத்துக்குடி, திருச்செந்தூர், உவரிப் பக்கம் பல வருசம் நின்ற வண்டிக்கு மேலே பெயின்ட் நன்றாக இருக்கும், அடியில் உப்பு தின்றிருக்கும். கதவைத் திறந்து கீழ் விளிம்பைத் தடவிப் பார், பேட்டரியின் கீழே உள்ள தட்டைப் பார், ஒரு டார்ச்சோடு குனிந்து அடிப்பாகத்தைப் பார். பெயின்ட் குமிழ் விட்டிருந்தால் துரு உள்ளிருந்து வருகிறது என்று அர்த்தம். அதனால்தான் மலையடிவாரத்து வண்டி, அதாவது உங்கள் அம்பை, தென்காசிப் பக்கத்து வண்டி, எனக்கு எப்போதும் பிடிக்கும். நம்பர் பிளேட்டில் தூத்துக்குடிக்கான 69 இருந்தால் கடலோர வண்டி என்றும் தென்காசிக்கான 76 இருந்தால் மலை வண்டி என்றும் முடிவு கட்டிவிடாதே. பதிவு ஓர் ஊரில் இருக்கும், ஓட்டம் வேறு ஊரில் இருக்கும். ஆளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

விற்கிறவர்கள் சொல்கிற வசனமெல்லாம் உனக்கே தெரியும். டாக்டர் வண்டி, சிங்கிள் ஓனர், லேடீஸ் ஓட்டினது, பேப்பர் எல்லாம் கரண்ட். மீட்டரில் நாற்பதாயிரம் காட்டுகிறதா, பிரேக் பெடல் ரப்பரைப் பார். ரப்பர் வழுக்கையாகி ஸ்டியரிங்கும் தேய்ந்து மினுங்கினால், மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருசம் 23-ஆவது வாரம் செய்தது. தரையில் படுகிற கட்டை தேயாமல் நன்றாக இருந்தாலும் ஆறு ஏழு வருசத்து டயர் என்றால் மாற்றுச் செலவு உன் தலையில்தான்.

பார்க்கக் காலையிலேயே போ. வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று முன்னாடியே சொல்லிவிடு. போனதும் பானெட்டில் கையை வை. சூடாக இருந்தால் உனக்காக எழுப்பி வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த எஞ்சின் எப்படி எழும்புகிறது என்பதை நீ பார்க்கக் கூடாது என்று. சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் நிறத்தில் கசடு இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடு. ஓட்டிப் பார்ப்பதற்கு ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம் நல்ல இடம். ஏற்றத்தில் நிறுத்தி எடு, அப்புறம் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்து. எஞ்சின் இரைச்சல் கூடி வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் பிளேட் போச்சு. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துக் கொல்வான், ஆகவே ஆறு மணிக்குள் முடித்துக்கொள். ஏசியைப் போட்டுக்கொண்டு ஓட்டு. விற்கிறவர் காட்டுகிற மெக்கானிக் வேண்டாம், உன் ஆளைக் கூட்டிக்கொண்டு போ. ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்தாலும் அது நஷ்டமில்லை.

பேப்பர் விஷயம். ஆர்சியில், அதாவது பதிவுச் சான்றில், கடன் கொடுத்த பேங்க் பெயர் இன்னும் இருக்கிறதா பார். இருந்தால் கடன் தீர்ந்தது என்று பேங்க் தருகிற என்ஓசியும் பாரம் 35-உம் இல்லாமல் ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்காதே. எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் பதிவு, இன்சூரன்ஸ் விவரம் தெரியும், கட்டாத அபராதமும் தெரியும். பெயர் மாற்றத்துக்கான பாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும். வெறும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு பெயர் மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் நம் பக்கம் ஏராளம். நீ பதினாலு நாளுக்குள் மாற்றிவிடு, இன்சூரன்ஸையும் சேர்த்து. கிளெய்ம் கேட்காததற்காக விற்றவருக்குக் கிடைத்த தள்ளுபடி, நோ கிளெய்ம் போனஸ், உனக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு பதினைந்து வருசம். 2011 வண்டி என்றால் 2026-இல் எஃப்சி, அதாவது தகுதிச் சோதனை, காட்டிப் புதுப்பிக்க வேண்டும், கட்டணமே ஐயாயிரம், பசுமை வரி தனி, அதற்கு முன் டிங்கரிங் வேலை வேறு. பதினாலு வருசத்து வண்டிகள் திடீரென்று மலிவாகக் கிடைப்பதன் ரகசியம் இதுதான்.

இரண்டு லட்சத்தையும் வண்டியில் போடாதே. ஒன்று எழுபதுக்கு மேல் பேசாதே, முப்பதாயிரம் தனியாக எடுத்து வை. பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், ஆயில் சர்வீஸ், பேட்டரி, இரண்டு டயர் என்று பார்த்தால் அது பறந்துவிடும். ஆடி பிறக்கப் போகிறது. நம் சனங்கள் ஆடியில் வண்டி எடுக்க மாட்டார்கள், கன்சல்டிங்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். பார்க்கவும் விலை பேசவும் அதுதான் நேரம். பேசி முடித்து அட்வான்ஸ் மட்டும் கொடு, அம்மாவுக்குச் சம்மதமில்லாவிட்டால் வண்டியை ஆவணியில் எடு. பதினெட்டாம் பெருக்கு அன்றைக்கு எடுக்கலாம் என்று அம்மாவே சொன்னாலும் சொல்வார்.

இன்னொன்று. இந்த விலையில் வருகிற வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஏர்பேக் இருக்காது. நாலுவழிச் சாலையில் எண்பதைத் தாண்டாதே, பின்னால் உட்காருகிற அம்மாவுக்கும் பெல்ட் போடு.

வீட்டில் பேரன் வந்து வாரமாகிறது, பேனாவைப் பிடுங்க நிற்கிறான். மருமகளுக்குத் தென்காசிக்கு மாற்றல் கிடைத்திருக்கிறது, அதனால் நானும் இனி உங்கள் பக்கம் அடிக்கடி வருவேன். அடுத்த ஞாயிறு வருகிற வழியில் மெக்கானிக் தம்பியையும் அழைத்து வருகிறேன். கல்லிடைக்குறிச்சியில் வாத்தியார் ஒருவர் வேகன் ஆரை விற்கப் போகிறார் என்று எழுதியிருந்தாயே, அதன் நம்பரை அதற்குள் அனுப்பு. வெள்ளத்தன்றைக்கு அவர் வண்டி எங்கே நின்றது என்றும் கேட்டு வை.

உன் சேக்காளி